இருநூற்று ஏழாவது காப்பு

எங்கள் ஊர் வாத்தியாரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாத்தியார் ஆள் இல்லை, இயந்திரம். ஓயாமல் பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் ஊரார் வைத்த பெயர் அது. ஒன்பது வருடமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு வேறு பெயர்களும் உண்டு, எழுத்தில் சொல்ல முடியாது.

ஊரின் பெயர் செங்காடு. செவ்வாய்க் கிரகத்தில், பாறைக்கு அடியில். எழுபத்தைந்து வருடங்களுக்கு முன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அறுபது பேர் குடைந்த ஊர். பிறகும் சில கப்பல்கள் வந்தன. இப்போது பட்டியலில் இரண்டாயிரத்து நாற்பத்தாறு பேர். இங்கே வானத்திலிருந்து இறங்கும் கதிர்வீச்சு பாறையையும் துளைத்து வந்து எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். அதற்கு மருந்தை வாத்தியார்தான் தர வேண்டும். ஒவ்வொருவராகக் கட்டிலில் படுக்கவைத்து, இரத்தம் பார்த்து, எடை பார்த்து, அவரவருக்கென்று தனியாகச் செய்து தரும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை போக நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பெயர் சுற்று.

வாத்தியாருக்கு ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியாது. தெரிந்தது இரண்டே கேள்விகள். "அடுத்து ஆள் உண்டா?" என்று பட்டியலைக் கேட்கும். உண்டு என்றால் ஓர் அடி முன்னே போய், "இப்போது யார்?" என்று கேட்கும். வந்தவரின் விவரம் மட்டும் திரையில் தெரியும். அவர் எழுந்து போனால் விவரமும் போய்விடும். பின்னால் திரும்பாது, நடுவில் குதிக்காது.

அதனால் ஒரு வேடிக்கை. காப்பாளனான நான் ஊரில் எல்லாருடைய விவரத்தையும் திரையில் பார்த்திருக்கிறேன், என்னுடையதைத் தவிர. என் முறை வரும்போது நான் கட்டிலில் கிடப்பேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பதிலாக மருத்துவச்சி செண்பகவடிவு அத்தை வந்து திரை முன்னால் உட்காருவாள். கூப்பிடாமலே வந்துவிடுவாள். என் எண் ஐம்பத்தெட்டு. என் வயதுக்காரர்கள் எல்லாம் எண்ணூறு, தொள்ளாயிரத்தில் இருக்க, நாற்பத்தொரு வயதில் எனக்கு மட்டும் கிழவர்களோடு முன்வரிசை. எனக்கு முன் என் அப்பாதான் காப்பாளர். அவர் செல்வாக்கில் கிடைத்த இடம் என்று ஊரில் கேலி செய்வார்கள். எனக்கே அதில் வெட்கம் உண்டு, ஏனென்றால் பட்டியலின் கடைசி எண்ணில் இருப்பவள் என் மகள் கோமதி.

சங்கடம் இதுதான். சுற்று நடக்கும்போது பட்டியலில் ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் வாத்தியார் அங்கேயே நின்றுவிடும். "பட்டியல் மாறியது. சுற்று செல்லாது" என்று அறிவித்துவிட்டு மறுபடி முதல் ஆளிடம் போகும். போன மாதம் மருந்து வாங்கியவரையும் படுக்கவைக்கும். அவருக்கு மருந்து தேவையில்லை என்று கண்டுபிடிக்க அதே ஒன்றரை மணி நேரம்.

"அந்தச் சனியனுக்கு மூளையே கெடையாதா?" என்று என் மனைவி வேணி ஒருநாள் கத்தினாள். "ஒரு ஆளு போயிட்டா அந்தப் பேரைத் தாண்டிப் போக வேண்டியதுதான?"

"கப்பல்ல வரும்போது அப்படித்தான் இருந்துச்சாம். நடுவுல ஒருத்தர் செத்துட்டாரு. பின்னால உள்ளவங்கல்லாம் வரிசையில ஒரு எடம் முன்னால நகந்துட்டாங்க. இது பாட்டுக்கு அடுத்த எடத்துக்குப் போயிருச்சு. அந்தச் செத்தவரு எடத்துக்கு நகந்து வந்த பொம்பளைக்கு மருந்தே கெடைக்கல. ரெண்டு மாசத்துல அவங்களும் போயிட்டாங்க. அதுக்குப் பொறவுதான் பட்டியல் மாறுனா நம்பாதேன்னு எழுதிப் பூட்டிட்டாவ."

"அப்ப ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டு அதைப் பாத்துக் கூப்பிட வேண்டியதுதான?"

"அறுபது பேருக்குன்னு செஞ்ச மிஷினு வேணி. இப்ப உள்ள ஆளு, அடுத்த ஆளு, அவ்வளவுதான் அதுக்குள்ள எடம்."

பிறப்பைத் தள்ளிப்போட வழி இருந்தது. சுற்று முடிந்ததும் மூன்று நாள் இடைவெளி வரும். அதுவரை பிறந்த குழந்தைகளுக்குப் பெயர் வைக்கமாட்டோம், காப்பு போடமாட்டோம். காப்பு என்பது மணிக்கட்டில் பூட்டிய பட்டை. இருபது நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று வாத்தியாருக்குச் சொல்லும். மூன்று முறை தொடர்ந்து சொல்லாவிட்டால் ஆள் போய்விட்டதாகப் பெயர் தானாக அழியும். சாவைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் அந்தக் காப்புதான்.

முடிந்தவரை தள்ளிப்போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு இதயப் பம்புகள் இருந்தன. சாகக் கிடப்பவர்களைச் சுற்று முடியும்வரை அதில் மாட்டி வைப்பார்கள். அவர்கள் "போதும், விடுங்க" என்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள். தெருவில் வயதானவர்களைப் பார்த்தால் "சுற்று முடியிற மட்டும் நல்லா இருங்க" என்பதுதான் எங்கள் ஊர் வணக்கம். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் செத்தவர் மேல் கோபத்தோடு வருவார்கள். சுற்றை உடைத்த வீட்டார் காரியம் முடிந்ததும் கடைசி எண்காரர் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கமும் வந்துவிட்டது.

மூன்றரை வருடத்தில் எங்கள் வாசலுக்கு பன்னிரண்டு குடும்பங்கள் வந்து தலைகுனிந்து நின்றன. எல்லாமே திடீர்ச் சாவு, பம்பு மாட்ட நேரமில்லாதது. பதினோராவதாக வந்தவர் பனிக்கட்டி துளைக்கும் வேலை பார்த்த சங்கரலிங்கம் பெரியப்பா. சொந்தம் ஒன்றும் இல்லை, ஊர் முறைக்குப் பெரியப்பா. மனைவி செத்த நான்காம் நாள், பெண்டாட்டி போன துக்கத்தை அழுது தீர்க்காத மனிதர், என் மகளைப் பார்த்துக் கைகூப்பி, "எங்க வீட்டுக்காரி தெரியாம போயிட்டா தாயி" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அவரை நிறுத்திவைத்தோமே என்று இன்றும் இருக்கிறது.

கோமதிக்குப் பிறந்தபோது எண் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. முழங்காலிலும் முதுகிலும் அடிபடாமலே ஊதாத் திட்டுகள். பல் தேய்த்தால் இரத்தம். ஓட ஆசைப்படுவாள், நான்கு அடியில் உட்கார்ந்துவிடுவாள். நான்கு வயதுக்குள் முதல் மருந்து போய்ச் சேராவிட்டால் பிறகு கொடுத்தும் பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதின்மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இது உடைந்தால் அவளுக்குப் பதினான்காவது சுற்று கிடையாது.

வாத்தியார் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் இருந்தது. இன்னும் நூற்று எழுபத்தைந்து பேர், பதினொரு நாள். அன்று மத்தியானம் செண்பகவடிவு அத்தை என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏல ஆவுடை, சங்கரலிங்கம் அண்ணாச்சி பம்புல கெடக்காரு தெரியுமா?"

"தெரியும். பதினஞ்சு நாளு தாங்கும்னு டாக்டர் சொன்னாரே."

"அது காலையில சொன்னது. இப்ப கேட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்."

நான் எழுந்துவிட்டேன். எங்கே போவதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை. அத்தை என் தோளை அழுத்தி மறுபடி உட்காரவைத்தாள்.

"காப்பைக் கழத்துற சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு. செத்தவங்க காப்பைக் கழத்த. உயிரோட இருக்கவங்க காப்பைத் தொட்டா என் வேலை போயிரும்."

"போகட்டும். அண்ணாச்சி வீட்டுல ஒரு பேத்தி இருக்கா, கேட்டியா? இருபது மாசம். பேரும் இல்ல, காப்பும் இல்ல. அவரு காப்பை அவளுக்கு மாத்திப் போட்டுரு."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "வாத்தியாரு கண்டுபிடிச்சிரும் அத்தை."

"பிடிக்காது."

"எப்படிச் சொல்லுதிய?"

"பட்டியல்ல ஒரு பேரு கூடுதா, ஒரு பேரு கொறையுதா, அதைத்தான் அது பாக்கும். அந்தப் பேருக்குள்ள யாரு இருக்கான்னு பாக்காது. ஒரே ரத்தமா இருந்தாக் காப்பு ஏத்துக்கிடும். மூணு தடவை விட்டுப்போகாமப் பூட்டணும். ஒரு நிமிசம் இருக்கு."

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றாள்.

திடீரென்று எனக்குள் ஒன்று பற்றிக்கொண்டது. "அப்ப என் காப்பைக் கோமதிக்குப் போட்டிருக்கலாமே! நானும் அவ ரத்தம்தான். மூணு வருசமா வாயை மூடிக்கிட்டா இருந்திய?"

"கத்தாத. மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒனக்குச் சொன்னா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா மறுநாளு ஒவ்வொரு வீட்டுலயும் முன்வரிசைக் காப்புக்கு அடிதடி நடக்கும். பலசாலி பிடுங்கிப் போட்டுக்கிடுவான், கெழவனும் கெழவியும் சாவாங்க. போற உசுரு மனசார விட்டாத்தான் எடம் கைமாறணும். ஒம் பிள்ளையைப் பாக்குறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்கல, அதையும் தெரிஞ்சுக்கோ."

அவள் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். சாவியை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

சங்கரலிங்கம் பெரியப்பா பம்புக் குழாய்களோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் பழையபடி கணீரென்று இருந்தது. பக்கத்தில் மருமகள் இசக்கியம்மாள், மகன் சுரங்கத்தில். கட்டிலின் மேல் ஏறி, குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பேரில்லாத பேத்தி.

"வாவே ஆவுடை" என்றார். "செண்பகம் எல்லாம் சொல்லிட்டா. ஒன் வாசல்ல வந்து ஒரு தடவை நின்னாச்சு. ரெண்டாவது தடவை எங்க வீட்டாளுக யாரும் வந்து நிக்கக் கூடாது. கழத்து."

"பேரும் மாறக் கூடாது பெரியப்பா. பட்டியல்ல உள்ள பேருதான் அவளுக்கும். பொம்பளப் பிள்ளைக்குச் சங்கரலிங்கம்னு..."

இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள். "தாத்தா பேரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிறதுதான நம்ம வழக்கம்? ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும்னு எங்கயும் எழுதியிருக்கா? வைங்க அண்ணே. எம் பிள்ளை சங்கரலிங்கம்தான். எவனாவது சிரிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

கிழவர் சிரித்ததில் பம்பு இரண்டு முறை தடுமாறியது.

சாவியைப் போட்டேன். காப்பு திறந்தது. என் கையில் இருந்த சின்னத் திரையில் இருநூற்று ஏழு என்ற எண்ணுக்கு எதிரே முதல் சிவப்புப் புள்ளி வந்தது. பெரியவரின் மணிக்கட்டில் இருந்த பட்டை பிள்ளையின் மேல்கைக்குச் சரியாக இருக்கும் என்று அத்தை முன்பே நூல் வைத்து அளந்திருந்தாள். ஆனால் பிள்ளையிடம் யார் அளந்து சொல்வது? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மாத்தேன்" என்றது. அத்தை பிடித்தாள், அழுதது. இசக்கியம்மாள் பிடித்தாள், கடித்தது. இரண்டாவது சிவப்புப் புள்ளி. நூற்று எழுபத்தைந்து பேரும், அந்த வரிசையின் கடைசியில் என் மகளும் ஒரு குழந்தையின் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் தள்ளுங்க" என்றார் பெரியப்பா. குழாய்களோடு கையை நீட்டினார். "சங்கரலிங்கம். ஏட்டி சங்கரலிங்கம். தாத்தாவோட காப்பு ஒனக்கு வேண்டாமா?"

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் காப்பைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து எல்லார் கையிலும் பார்த்து ஆசைப்பட்ட பொருள். மெதுவாகக் கையை நீட்டியது. அவரே போட்டு, அவரே அழுத்திப் பூட்டினார்.

மூன்றாவது புள்ளி பச்சையாக வந்தது. இருக்கிறேன்.

நான் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை, பச்சை, பச்சை. நாடி நூற்றிருபது என்று காட்டியது. எண்பது வயதுக்காரருக்கு இப்படித் துடிக்கிறதே என்று வாத்தியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவரை அதன் முட்டாள்தனத்தைத் திட்டியே பழகிய நான் அன்று அதற்கு முத்தம் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

சங்கரலிங்கம் பெரியப்பா பேத்தியை ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு, "இப்ப நிறுத்துங்க, எனக்குக் களைப்பா இருக்கு" என்றார். அவர் சொன்னபடி நிறுத்தினோம். எங்கள் ஊரில் தன் சாவுக்குத் தானே நேரம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் காலை சாவு வீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது, வழக்கமான கடுகடுப்போடு. "பத்து நாள்ல முடிஞ்சிருக்கும், கெடுத்துட்டாரே" என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்போது சுரங்கத் தெருவின் ஒலிபெருக்கியில் வாத்தியாரின் குரல் கேட்டது.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு. வரவும்."

யாருக்கும் புரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிணம் நடுக்கூடத்தில் இருக்கிறது, சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "முடியட்டும், பொறவு சொல்லுதேன்" என்றேன். முதலில் ஒரு அம்மா அழ ஆரம்பித்தாள். பிறகு கூடம் முழுவதும் அழுதது. கோபமில்லாமல் ஒரு மனிதருக்காக அழுது எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று அந்த அழுகையைக் கேட்டபோதுதான் தெரிந்தது. எங்கள் வாசலுக்கு அன்று யாரும் வரவில்லை. வேணிதான் கோமதியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனாள்.

அடுத்த பத்து நாளும் ஊரில் யாரும் ஏணியில் ஏறவில்லை. சண்டை போடவில்லை. சூடான எண்ணெயில் பலகாரம்கூடச் சுடவில்லை. பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு, "இரண்டாயிரத்து நாற்பத்தாறு. வரவும்" என்றது வாத்தியார்.

கோமதி கட்டிலில் படுத்தாள். "வாத்தியார் அடிப்பாரா?" என்று கேட்டாள். "அடிச்சா நான் திருப்பி அடிப்பேன்" என்றேன். "இப்போது யார்?" என்று கேட்டு, திரையில் அவள் பெயரைக் காட்டியது இயந்திரம். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒன்றரை மணி நேரம் நானும் வேணியும் மூச்சுவிட்டோமா என்று தெரியாது. கடைசிச் சொட்டும் இறங்கியது.

"அடுத்து ஆள் உண்டா?" என்று வாத்தியார் பட்டியலைக் கேட்டது.

"இல்லை. சுற்று முடிந்தது."

மூன்றரை வருடமாக ஊர் கேட்காத சொல். ஒலிபெருக்கி அணைவதற்குள் யாரோ ஒருவர் வீட்டுக் கரண்டியால் காற்றுக்குழாயில் அடித்தார். அடுத்த வீட்டில் அடித்தார்கள். அடுத்த தெருவில் அடித்தார்கள். இரண்டாயிரம் பேரும் கையில் கிடைத்ததால் குழாய்களை அடிக்க, பாறை முழுவதும் அதிர்ந்தது. கோமதி எழுந்து உட்கார்ந்து, தன் பங்குக்குக் கட்டில் கம்பியில் கையால் தட்டினாள். வேணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது.

இடைவெளியின் மூன்று நாளில் அறுபத்திரண்டு குழந்தைகளுக்குப் பெயர் வைத்தோம், காப்பு போட்டோம். மூன்றாம் நாள் ஊர்க்கூட்டத்தில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன். தலைவர் அந்தப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். மேல்கையில் காப்போடு வந்து நின்றாள். "பேரென்ன தாயி?" என்றார். "தங்கரலிங்கம்" என்றாள். கூட்டம் குழாய் அடித்த அன்று சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகிறவர் மனசாரச் சம்மதித்தால் அவர் இடம் வீட்டுப் பிள்ளைக்கு, வேறு யாரும் தொடக் கூடாது என்று அன்றே சட்டம் எழுதினார்கள். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தையும் ஒழித்தார்கள். எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை. திடீர்ச் சாவு வந்தால் சுற்று இன்னும் உடையத்தான் செய்யும். ஆனால் பம்பில் கிடந்து கெஞ்சுகிறவர் இப்போது ஊரில் ஒருவரும் இல்லை.

புதுச் சுற்று தொடங்கிய நான்காம் நாள் என் முறை வந்தது. செண்பகவடிவு அத்தை ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டாள். "நான் வாறது வரைக்கும் படுக்காத, வேற யாரையும் உக்கார வைக்காத" என்று மூன்று தடவை ஆளனுப்பினாள். வாத்தியார் காத்திருக்குமா? கட்டிலில் படுத்தேன். வேணி திரை முன்னால் உட்கார்ந்தாள். கோமதி அறையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"இப்போது யார்?" என்றது வாத்தியார்.

வேணி வாசிக்க ஆரம்பித்தாள். "ஆவுடையப்பன். எண் ஐம்பத்தெட்டு. பிறந்த ஊர்..." நிறுத்திவிட்டாள்.

"செங்காடு. இதைப் படிக்க இவ்வளவு நேரமா?"

"இல்லங்க. தூத்துக்குடின்னு போட்டிருக்கு. வயசு நூத்திப் பத்து."

ஆவுடையப்பன் என் தாத்தாவின் பெயர். கப்பலேறி வந்த அறுபது பேரில் ஒருவர். நான் பிறந்த வருடம் இறந்தவர். அப்போது சாவி அப்பாவின் கையில் இருந்தது, பிரசவம் பார்த்தவள் செண்பகவடிவு அத்தை. என் முறைக்கு முன்னால் எனக்கு இடம் வாங்கித் தந்தது அப்பாவின் செல்வாக்கு இல்லை. கடலையே பார்த்திராத நான், கடற்கரையில் பிறந்த ஒருவரின் இடத்தில் நாற்பத்தொரு வருடமாகப் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். என்னையறியாமல் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். காப்பு அங்கேயே இருந்தது, சூடாக.

வாசலில் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள் அத்தை. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "வாத்தியாரு கண்டுபிடிக்காதுன்னு சொன்னேன்லா?" என்றாள்.

வேணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நூத்திப் பத்து வயசுக்கு நல்லாத்தான் இருக்கீய."

மருந்து இறங்கி முடிந்தது. நான் எழுவதற்குள் வாத்தியார் தன் பழைய கேள்வியைக் கேட்டது. "அடுத்து ஆள் உண்டா?"

பட்டியல்தான் பதில் சொல்ல வேண்டும். அது சொல்வதற்குள், ஓடிக்கொண்டிருந்த கோமதி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உண்டு!"